எங்கள் சபையைப் பற்றி ஊர் சொன்னது

எங்கள் புதிய போதகர் தினமும் சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியபோது, அவரை முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். நான் அங்கே பெண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். பார்வையாளர்களை விடும் நாலு மணிக்குச் சரியாக வருவார். சாதாரண அரைக்கைச் சட்டை, வேட்டி. கையில் வேதாகமம் இருக்காது, துண்டுப் பிரசுரம் இருக்காது. ஒவ்வொரு கட்டிலாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆறு மணிக்குப் பார்வையாளர்களை வெளியே அனுப்பும்போது அவரும் எழுந்து போய்விடுவார். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுகிற போதகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற போதகரை அதுவரை பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷம் வார்டில் வேலை செய்தவளுக்கு, காரணமில்லாமல் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் அத்தனை நேரம் உட்காரமாட்டார் என்று தெரியும். சொந்தக்காரராக இருக்கவேண்டும், இல்லையென்றால் வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வாங்க வந்தவராக இருக்கவேண்டும்.

அது எண்பதுகளின் தொடக்கம். மதமாற்றத்தைப் பற்றிப் பேப்பரில் தினமும் ஏதாவது வந்துகொண்டிருந்தது. டீக்கடையில் அதைத்தான் பேசினார்கள். எங்கள் வார்டு டாக்டர் நல்ல மனுஷர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வார்டுக்குள் வரமாட்டார்; அதற்காக என்னிடம் ஒருநாளும் வித்தியாசமாக நடந்துகொண்டதில்லை. அவரே ஒருநாள் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"சிஸ்டர், உங்க பாஸ்டர் தினம் வர்றாரே, என்ன விஷயம்?"

"தெரியலைங்க டாக்டர். ஆறுதல் சொல்ல வர்றார்னு நினைக்கிறேன்."

"ஆறுதல்னா சரி. அதுக்கு மேல எதுவும் வேணாம். எனக்கு மேல இருக்கிறவங்க கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

சரிங்க என்றேன். எனக்கும் அதே பயம்தான். பிரச்சினை என்று வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் வார்டில் கிறிஸ்தவள் நான் ஒருத்தி.

எங்கள் சபை மிகச் சிறியது. பெரிய கோயில் கோபுரமும் மலையும் நிற்கிற ஊரில், எங்கள் ஆலயம் எங்கே இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய ஆலயம், ஒரு பள்ளிக்கூடம், எட்டு வீடுகள், ஒரு கிணறு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு மதில். அதை மிஷன் காம்பவுண்டு என்போம். பாதிரிமார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. எழுபதுகளில் ஊருக்கு மறுபடி வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி, வெறுங்காலோடு மலையைச் சுற்றினார்கள். எங்கள் சபையில் பெரியவர்களுக்கு அதைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். "நமக்குச் சொல்லிக்கொடுத்தவங்க ஊர்லேர்ந்தே இங்க கத்துக்க வர்றாங்க. அப்புறம் நம்ம பேச்சை இந்த ஊர்ல யார் கேப்பாங்க?" என்று ஓய்வுபெற்ற எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் சொல்வார் என்று என் கணவர் வந்து சொல்லுவார். என் கணவர் மின்வாரியத்தில் கிளார்க், சபைக்குச் செயலாளர். கமிட்டியில் என்ன நடந்தாலும் இட்லி சாப்பிடும்போது எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. நம் குரல் ஊரில் கேட்கவில்லை, கேட்க வைக்கவேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் நற்செய்திக் கூட்டம். மெட்ராஸிலிருந்து பேச்சாளர், கிடார், டிரம் வைத்துப் பாடுகிற வாலிபர் குழு. காம்பவுண்டு மதில் மேல் நாலு பக்கமும் ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய்கள். இதற்கெல்லாம் போதகர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். "செய்யலாம்ங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னைவிடச் சின்னவர். அவருடைய குரல் மெலிந்தது. பிரசங்க பீடத்தில் நின்று பேசினால் நாலாவது பெஞ்சுக்கு மேல் கேட்காது. முந்தைய போதகர் பேசினால் ரோட்டில் போகிறவன் நின்று கேட்பான் என்று சபையில் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். அந்த மெல்லிய குரலோடு அவர் ஆஸ்பத்திரியில் தினமும் ரெண்டு மணி நேரம் என்ன செய்கிறார் என்பது கமிட்டிக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

"நீ அங்கதானே இருக்க. கொஞ்சம் கவனிச்சுச் சொல்லு" என்றார் என் கணவர்.

"எதைக் கவனிக்கணும்?"

"ஜெபம் பண்றாரா, வசனம் சொல்றாரா, யார்கிட்ட என்ன பேசுறார். ஒரு போதகர் நோட்டீஸ்கூடக் கொடுக்காம ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கார்னா ஏதோ இருக்கு. வெளிநாட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறாரோ என்னவோ."

நான் மறுக்கவில்லை. எனக்கே தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. ஊசி போடப் போகிற சாக்கிலும், டெம்பரேச்சர் பார்க்கிற சாக்கிலும் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். கேட்டதெல்லாம் சாதாரணப் பேச்சு. காலையில் என்ன சாப்பிட்டீங்க, வீட்டில் மாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள், மகன் வந்தானா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தபால் கார்டு எழுதிக் கொடுப்பார். ஆனால் நான் நெருங்கினால் பேச்சு நின்றுவிடுவதைக் கவனித்தேன். நோயாளிகள்தான் நிறுத்தினார்கள். அவர் இல்லை. என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். என்னிடம் மறைக்கும்படி அவர்கள் என்ன பேசுகிறார்கள்?

அப்புறம் அந்த நோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நாற்பது பக்க நோட்டு. வார்டை விட்டு வெளியே போனதும் வராண்டாப் படியில் உட்கார்ந்து அதில் எழுதுவார். எழுதிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். ஆக, என் கணவர் சொன்னது சரி. பெயர், ஊர், என்ன கஷ்டம், யாரைப் பிடிக்கலாம் என்று எழுதி எங்கோ அனுப்புகிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் குளியலறைப் பக்கம் ஒரு கிழவி வழுக்கி விழப் போனாள். போதகர் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடித்துக்கொண்டே வெளி வராண்டா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். நோட்டு ஸ்டூலின் மேல் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அடுத்தவர் நோட்டைப் படிக்கிறோமே என்ற உறுத்தல் இல்லை. திருட்டைப் பிடிக்கப் போகிற நிம்மதிதான் இருந்தது.

பெயர்கள் எதுவும் இல்லை. கட்டில் எண் மட்டும் போட்டிருந்தது. கீழே அவர்கள் சொன்னது, அவர்கள் சொன்ன மாதிரியே.

மூன்றாம் கட்டிலில் இருந்தவள் சொன்னது: எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அவள் மகளை, எண்ணெய் இல்லாத தலை என்று வகுப்புக்கு வெளியே ஒரு வாரம் உட்கார வைத்தோமாம். அதற்கப்புறம் அந்தப் பெண் பள்ளிக்கூடமே போகவில்லை. பன்னிரண்டாம் கட்டில்: கட்டட வேலைக்கு வந்த அவள் புருஷன் ஆலயத்தின் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபோது, சபையிலிருந்து ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. பதினைந்தாம் கட்டில்: கிறிஸ்துமஸ் அன்று வேடிக்கை பார்க்க வந்தவளை, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வெளியே நிற்கச் சொன்னார்கள். இப்படிப் பக்கம் பக்கமாக. அவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது. எங்கள் சபையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

ஏழாம் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாமியார்க்காரி படுத்திருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் மருமகள். காம்பவுண்டுக்குப் பின்னால், ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிற காலனியிலிருந்து வந்தவர்கள். மருமகள் சொன்னது அரைப் பக்கம் இருந்தது.

மழை இல்லாத வருஷம் மிஷன் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனாளாம். இடுப்பில் குடம், தோளில் கைக்குழந்தை. கேட்டுக்கு உள்ளே ஒரு நர்ஸம்மா நின்றுகொண்டு, இது சபையாருக்கு மட்டும்தான் என்று சொல்லிப் பூட்டைப் போட்டார்களாம். ஏரியில் பள்ளம் தோண்டி ஊறிய கலங்கல் தண்ணீரைத்தான் குடித்தார்களாம். குழந்தைக்குப் பேதி கண்டு ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்களாம். ஏற்றியதும் அதே நர்ஸம்மாதானாம்.

மிஷன் காம்பவுண்டில் குடியிருந்த நர்ஸ் நான் ஒருத்திதான்.

அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுபதுகளின் நடுவில் அது. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. எட்டு வீட்டுக்கே பத்தவில்லை என்று கமிட்டி கிணற்றுக் கேட்டைப் பூட்டச் சொன்னது. சாவி செயலாளர் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில் இருந்தது. காலையில் டியூட்டிக்குப் போவதற்கு முன் நான்தான் திறந்து பூட்டுவேன். எத்தனையோ பேர் குடத்தோடு வந்தார்கள். எத்தனையோ பேரிடம் அதையே சொன்னேன். அவள் முகம் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. குழந்தையும் ஞாபகம் வரவில்லை. அந்தக் கோடையில் பேதி என்று தாயோடு எங்கள் வார்டில் சேர்த்த குழந்தைகள் அவ்வளவு பேர். நான்கு வாரமாக ஏழாம் கட்டிலுக்கு மருந்து கொடுக்கிறேன், அவளைத் தாண்டிக்கொண்டு போகிறேன், வருகிறேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நோட்டைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தேன். போதகர் திரும்பி வந்தார். அவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டேன்.

"நோட்டைப் படிச்சிட்டேன்" என்றேன்.

"சரிங்கக்கா."

"இதை எதுக்கு எழுதுறீங்க?"

"ஞாபகத்துக்குத்தான். வீட்டுக்குப் போறதுக்குள்ள அவங்க சொன்ன வார்த்தை மாறிடுது. நானே நமக்குச் சாதகமா மாத்திக்கிறேன்."

"யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"யாருக்கும் இல்லைங்க. நம்ம பேச்சு ஊர்ல எடுபடலைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன்னு ஊரைக் கேட்டேன். அவ்வளவுதான்."

ஏழாம் கட்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த நர்ஸ் யார் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அவர் முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்துகொண்டே என்னைத் தினமும் பார்த்துச் சிரிக்கிறாரா என்ற நினைப்பு எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஸ்தோத்திரம் என்று அவர் வணக்கம் சொன்னால்கூட அதில் ஏதோ இருக்கிற மாதிரி பட்டது.

வீட்டில் கணவர் கேட்டபோது, "சும்மா பேசிட்டுப் போறார். ஒண்ணும் இல்ல" என்றேன். நான் அத்தனை சுருக்கமாகப் பதில் சொல்கிறவள் இல்லை. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அன்றிலிருந்து கமிட்டி சமாசாரங்களை என்னிடம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

நற்செய்திக் கூட்டத்தின் முதல் நாள், வெயில் தாழ்ந்ததும் பந்தல் நிறைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் மதிலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்றார்கள். கிடார் சத்தம்தான் அவர்களை இழுத்தது. வாலிபர்கள் பாடி முடித்ததும் எங்கள் போதகரின் வரவேற்புரை, பத்து நிமிஷம். அதற்கப்புறம் மெட்ராஸ்காரர். நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

போதகர் மைக்கின் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நோட்டிலிருந்து பார்த்து எழுதியது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வெளியே நிக்கிறவங்களும் கேக்கணும். நாங்க உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி, நீங்க எங்களைப் பத்திச் சொன்னதை எங்க வாயால சொல்லிடறோம்" என்றார்.

ரேடியோ செட்டில் அந்த மெல்லிய குரல் பெரிதாகக் கேட்டது. எண்ணெய் இல்லாத தலையோடு ஒரு வாரம் வெளியே உட்கார்ந்த பெண்ணைப் படித்தார். கூரையிலிருந்து விழுந்த மனுஷனைப் படித்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும், "இதை நாங்கதான் செஞ்சோம்" என்றார். பந்தலுக்குள் ஒரு சலசலப்பு. கிறிஸ்துமஸுக்கு வந்து வெளியே நின்றவளைப் படித்தபோது, ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் மேடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று ரேடியோ செட்காரரிடம் கையைக் காட்டினார். மைக் நின்றது.

போதகர் நிறுத்தவில்லை. அடுத்ததைப் படித்தார். கிணறு. நான்காவது வரிசைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மழை இல்லாத வருஷம், குடம், கைக்குழந்தை, பூட்டு, ஏரித் தண்ணீர், பேதி. எல்லாம் இருந்தது. நர்ஸ் என்ற வார்த்தை மட்டும் இல்லை. "நாங்கதான் செஞ்சோம்" என்று முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்கு நன்றி தோன்றியது என்று எழுத ஆசைதான். தோன்றியது வேறு. ஒரு மூச்சு விட்டேன், தப்பித்தோம் என்று. ஊருக்குக் கேட்கவில்லை, உள்ளே இருந்தவர்களுக்கும் யார் என்று தெரியாது. மறுநாள் காய்கறிக் கடையில் இதைத்தான் பேசினார்கள். சிலர் பெரிய மனசு என்றார்கள். கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே, "இது புது மாதிரி டெக்னிக்கா இருக்கும். தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா நாலு பேர் வருவான்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சபையில் புயல். அடுத்த ஞாயிறு பாதிப் பெஞ்சுகள் காலி. மேலிடத்துக்குப் பெட்டிஷன் போனது; முதல் கையெழுத்து என் கணவருடையது. இரண்டு மாதத்தில் போதகருக்கு மாற்றல் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னதுதான் எனக்கு உண்மையான பேச்சாகப் பட்டது.

"நம்மள்ல முக்கால்வாசிப் பேரோட தாத்தா அந்தக் காலனியிலேர்ந்து வந்தவங்கதான்மா. ஊர் அதை இப்பதான் கொஞ்சம் மறந்திருக்கு. மைக் போட்டு ஞாபகப்படுத்தணுமா?" என்றார்.

என் தாத்தாவும் அங்கிருந்து வந்தவர்தான். கேட்டைப் பூட்டியபோது எனக்கும் அது தெரிந்தே இருந்தது. தண்ணீர் பத்தவில்லை என்பது காரணத்தில் பாதி மட்டுமே.

ஏழாம் கட்டில் காலியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் காலனிக்குப் போனேன். காம்பவுண்டின் பின்மதிலிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அங்கே குடியிருந்த பத்து வருஷத்தில் ஒருதரம்கூட நடந்ததில்லை. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டைக் காட்டச் சொன்னதும், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் காட்டினார்கள்.

அவள் வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா நர்ஸம்மா, மாமியாருக்கு மருந்து எதுனா பாக்கி கீதா?"

"இல்ல. உங்ககிட்ட பேசணும்னு வந்தேன்."

"மதம் மாத்தவா? எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்கமாட்டாரு."

"அதுக்கு வரல. மழை இல்லாத வருஷம் கேட்டுக்குள்ள நின்னது நான்தான். உங்களை உள்ள விடாதது நான்தான்."

முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"அப்புறம் குழந்தையை வார்டுல வெச்சிருந்தப்போ ஏன் ஒரு வார்த்தைகூட சொல்லல?"

"புள்ள உங்க கையில இருந்துச்சு."

நான் சரியாகத்தான் பார்த்துக்கொண்டேன், நேரம் தவறாமல் பாட்டில் மாற்றினேன் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. அந்த அஞ்சு நாளும் அவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"யாரு சொல்லி அனுப்புனாங்க?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாம யாரு வந்து இப்டி சொல்லுவா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கேட்டுல பூட்டு இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

"அப்பால இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அந்தக் கேள்வியை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் அதில் பேசுவது வழக்கம் இல்லை. அழைக்காமலே போய், கிணற்றுக் கேட்டைத் திறந்துவிடவேண்டும் என்றேன். கேட்டின் உள்ளே நின்றது நான் என்பதையும் சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்றைக்குக் கிணறு கேட்பார்கள், நாளைக்கு நிலம் கேட்பார்கள் என்றார் ஒருவர். போதகர், மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டதால் தனக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி, தீர்மானத்தை எழுதிக்கொள்ள மட்டும் கேட்டுக்கொண்டார். ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார்கள். அதற்குள் போதகர் ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு சின்ன சபைக்குப் போய்விட்டார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நாலு பேர்தான் போனோம். அவரிடம் நான் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டேன்.

"நர்ஸ்ங்கிற வார்த்தையை ஏன் விட்டீங்க?"

"அது நீங்க சொல்லவேண்டியதுங்கக்கா" என்றார். பஸ் வந்துவிட்டது.

அடுத்த கோடையில் மறுபடி தண்ணீர் கம்மி. சாவி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில்தான் இருந்தது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு, கமிட்டி தீர்மானம் எதுவும் இல்லாமல், கேட்டைத் திறந்து விரியத் தள்ளி வைத்தேன். பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுத் திறந்த?"

"அன்னைக்கு யாரைக் கேட்டுப் பூட்டினேன்?"

"கமிட்டி சொல்லிச்சு."

"கமிட்டி சொல்லிச்சு. அவங்க முகத்தைப் பாத்துச் சொன்னது நான்."

அவர் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. நான் கேட்டுக்கு வெளியே தள்ளி நின்று பார்த்தேன். காலனிப் பெண்கள் ஏரிக்குப் போகிற வழியில் நின்று, திறந்த கேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் இரண்டு பேர் குடத்தோடு கேட்டுவரை வந்து நின்றார்கள்.

"போலீஸ்ல எழுதி வெச்சிடமாட்டீங்களே?" என்றாள் ஒருத்தி.

"மாட்டோம்."

"ஜெபத்துக்கு வரச் சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன்."

நம்பிக்கை இல்லாமலேதான் உள்ளே வந்தார்கள். ஒருத்தி நீர் இறைக்க, மற்றவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நாளில் பதினைந்து, இருபது பேர் ஆனார்கள். ஏழாம் கட்டில் மருமகள் கடைசியாகத்தான் வந்தாள். என்னைப் பார்க்காமல் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். சபையில் இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது.

யாரோ மனு எழுதிப்போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரரா, எங்கள் சபைக்காரரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் சபைக்காரராகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். தண்ணீர் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று மனு. தாலுக்கா ஆபீசிலிருந்து வருவாய் ஆய்வாளர் ஒரு காலையில் கிணற்றடிக்கே வந்துவிட்டார். என்னைக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார், நம்பவில்லை. பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்க, உங்களை எதுல சேரச் சொன்னாங்க?" என்றார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தது ஏழாம் கட்டில் மருமகள்.

"இவங்களா சார்? இவங்க எங்களை எதுலயும் சேத்துக்காதவங்க. கைப்புள்ளையோட நின்னப்போ கேட்டைப் பூட்டுனவங்க. இப்பதான் தொறந்திருக்காங்க. தப்புன்னு ஊட்டுக்கு வந்து சொன்னாங்க. சாமியைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கல."

"நிஜமா?"

"பொய் சொல்லி இவங்களைக் காப்பாத்தணும்னு எனக்கு இன்னா கீது?"

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பூட்டியது, பேதி, திறந்தது எல்லாம் அதில் இருந்தது. அதற்கு அப்புறம் மனு எதுவும் வரவில்லை.

ஊரில் இது பரவியது. மளிகைக் கடையில், டீக்கடையில், எங்கள் வார்டில். டாக்டர்கூட ஒருநாள், "உங்க சபையைப் பத்தி ஒரு அம்மா நல்லா சொன்னாங்களாமே" என்றார். நல்லா இல்லைங்க டாக்டர், உள்ளதைச் சொன்னாங்க என்றேன். கமிட்டிக்கும் செய்தி எட்டியது. இப்போது அவர்கள் எல்லாருக்கும் அந்தக் கிணறு பிடித்துவிட்டது. அந்த வருஷ நற்செய்திக் கூட்டத்துக்கு அந்தம்மாவை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கலாமா, நீங்க கூப்பிட்டா வருவாங்க என்று என்னிடம் ஆளனுப்பினார்கள். என் கணவரே, கொஞ்சம் பெருமையோடு, கேட்டுப் பாரேன் என்றார்.

கூட்டத்துக்குப் போனேன். "அவங்க சொன்னது நம்ம மேல ஒரு புகார். அதைச் சாட்சின்னு சொல்லி மேடையில ஏத்தாதீங்க" என்றேன்.

தலைமையாசிரியர், "அந்தம்மாவை விட்டுடலாம். சரி, பந்தல் எந்தப் பக்கம் போடறது?" என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். என்னை அதற்குப் பிறகு கமிட்டிக்குக் கூப்பிடவில்லை. அந்தக் கோடை முழுக்கக் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது கிணற்றடியில் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். எங்களைப் பற்றியும் பேசுவார்கள். நான் பக்கத்தில் வந்தாலும் இப்போது நிறுத்துவதில்லை.